பெட்ரோல் விலை ஏன் மாறியது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

பெட்ரோல் பங்க்கில் கணக்கு எழுதுவது என் வேலை. "கச்சா எண்ணெய்தான் இறங்கிப்போச்சே, இங்கே ஏன் இறங்கலை?" என்று வண்டியை நிறுத்தியதுமே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் பெரும்பாலும் நீங்களே பதில் கண்டுபிடித்துவிடலாம். அரசே விலையைக் கட்டிவைத்திருக்கும் நாடுகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் விலையை நான்காகப் பிரியுங்கள்: கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, கொண்டுவந்து விற்கும் செலவு (பங்க்கின் லாபம் இதற்குள் வரும்), வரி. பங்க்காரர் நினைத்த விலையை வைக்கிறார் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நான்கில் அவர் கைக்குள் இருப்பது மூன்றாவதில் ஒரு சின்னத் துண்டுதான். வரியோ சில நாடுகளில் பாதி விலையையே எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, கச்சா எண்ணெயை லிட்டருக்கு மாற்றுங்கள். ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர் என்றால் லிட்டருக்குச் சுமார் 50 சென்ட். அது 10 சதவீதம் இறங்கி 72 டாலருக்கு வந்தால் லிட்டருக்கு 45 சென்ட். ஆக, குறைந்தது 5 சென்ட். பங்க்கில் லிட்டர் ஒன்றரை டாலருக்கு விற்றால் அந்த 5 சென்ட் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பங்க்கிலும் 10 சதவீதம் இறங்கும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கச்சா எண்ணெய்க்கு டாலரில்தான் விலை பேசுகிறார்கள் என்பதால் நாணய மாற்று விகிதத்தையும் பாருங்கள். அதே வாரத்தில் உங்கள் நாட்டுப் பணம் சரிந்திருந்தால் அந்த 5 சென்ட்டும் கரைந்துபோயிருக்கும்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலருக்குப் போனது. அப்படியென்றால் பெட்ரோலை இலவசமாகவே தந்திருக்க வேண்டாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அன்று மைனஸுக்குப் போனது மறுநாள் முடியவிருந்த மே மாத ஒப்பந்தம், அதாவது மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதாக முன்கூட்டியே போட்டுக்கொள்வது. அதை வைத்திருந்தவர்கள் ஓக்லஹோமா மாநிலத்தின் குஷிங்கில் எண்ணெயை எடுத்துக்கொண்டாக வேண்டும். அங்கே தொட்டிகளில் இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்ததால், காசு கொடுத்தாவது அதைப் பிறர் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதே நாளில் வட கடல் பக்கத்து கச்சா எண்ணெயான பிரென்ட் 25 டாலருக்கு மேல் விற்றது. எனவே செய்தியில் வரும் விலை எந்த எண்ணெய்க்கு, எந்த மாதத்துக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் கச்சா எண்ணெயை விட்டுவிட்டு பெட்ரோலின் மொத்த விலையையே (பங்க்குகள் மொத்தமாக வாங்கும் விலை) கவனியுங்கள். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் அடித்து மெக்சிகோ வளைகுடாக் கரையில் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றன. ஆலை நின்றுவிட்டால் கச்சா எண்ணெய் இருந்தும் பயனில்லை, பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அன்று கச்சா எண்ணெயைவிட பெட்ரோல் வேகமாக ஏறியது அதனால்தான்.

சரி, இப்போது அதிகம் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருவோம்: "தொட்டியில் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய ஸ்டாக்தானே, அதை ஏன் புது விலைக்கு விற்கிறீர்கள்?" கணக்கைப் பாருங்கள். தொட்டியில் 10,000 லிட்டர், லிட்டர் 100-க்கு வாங்கியது. இன்று மொத்த விலை 106. பழைய கணக்குப்படி 103-க்கு விற்றுத் தீர்த்தால் கையில் 10,30,000 வரும். அடுத்த லோடு எடுக்க 10,60,000 வேண்டும். மீதி 30,000-க்கு எங்கே போவது? அதனால் விலை அடுத்த லோடைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது.

ஆனால் இந்த நியாயம் இறங்கும்போதும் பொருந்த வேண்டும். மொத்த விலை 94-க்கு வந்துவிட்டால், பழைய ஸ்டாக்கைக் காட்டி 103-இலேயே நிற்பது முறையல்ல. இதில் வாடிக்கையாளர் சொல்லும் புகார் உண்மை. ஏறும்போது ராக்கெட், இறங்கும்போது இறகு என்று பொருளாதார ஆய்வாளர்களே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் விலைகளை வைத்து ராபர்ட் பேகன் 1991-இல் எழுதியதிலிருந்து பல நாடுகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை, ஆனால் இருக்கிறது.

ஒரு நாள் யாரும் பெட்ரோல் போடாமல் இருந்தால் விலை இறங்கிவிடும் என்று சுற்றிவரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். அன்று போடாததை மறுநாள் போடுகிறோம். மொத்தத்தில் ஒரு லிட்டரும் குறையாது.

அதைவிட, மொத்த விலை இறங்கிய தேதியைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பக்கத்துப் பங்க்குகளின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். நாணய மாற்றும் வரியும் மாறாமல் இருந்து, ஒரு பங்க் மட்டும் இறக்காமல் இருந்தால், இறக்கிய இடத்தில் போய்ப் போடுங்கள். எந்தப் பங்க்குமே இறக்கவில்லை என்றால், தேதியோடும் கணக்கோடும் உங்கள் நாட்டின் நுகர்வோர் அமைப்புக்கு எழுதுங்கள்.