சின்னப் பிள்ளைகளோடு கொல்லிமலை: 70 வளைவுகளை வாந்தி இல்லாமல் ஏறுவது எப்படி?

கொல்லிமலைக்கு இதுவரை மூன்று முறை போய்வந்துவிட்டோம். மகளுக்கு இப்போது ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. முதல் முறை பாதி மலையில் வண்டியை ஓரம் கட்டி, மகளின் உடுப்பை மாற்றி, சீட்டைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லோரும் சோர்ந்துவிட்டோம். மூன்றாம் முறை மேலே போய்ச் சேரும்வரை அவள் பாடிக்கொண்டே வந்தாள். இடையில் நாங்கள் மாற்றிக்கொண்டது சில விஷயங்கள்தான். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சொந்த வண்டி, மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய ஒருவர், இரண்டும் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. சாப்பாட்டுக் கணக்கு

ஈரோட்டிலிருந்து காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவோம். நாமக்கல்லில் பிள்ளைகளுக்கு இரண்டு இட்லி, கொஞ்சம் சர்க்கரை. பால், பூரி, வடை எதுவும் வேண்டாம். அங்கிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தைத் தொடும்போது சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். வயிறு நிறைந்திருந்தாலும் புரட்டும், காலியாக இருந்தாலும் புரட்டும். இந்த இடைவெளிதான் சரியாக இருக்கிறது.

2. வளைவுகள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பயணத்தில், அழாமல் வரட்டும் என்று மகள் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டோம். பத்துப் பதினைந்து வளைவு தாண்டியதும் சத்தமே இல்லை. தூங்கப் போகிறாள் என்று நினைத்தோம். அது தூக்கம் இல்லை. கொட்டாவி, முகம் வெளிறுதல், அடிக்கடி எச்சில் விழுங்குதல், திடீர் மௌனம் – இவை எல்லாமே வாந்திக்கு முந்தைய அறிகுறிகள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

காரணம் எளிமையானது. வண்டி திரும்புவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கண்ணோ அசையாத திரையையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை இந்தத் தொல்லை அதிகம். கைக்குழந்தைகளுக்கு அவ்வளவாக வருவதில்லை. எங்கள் மகன் 70 வளைவுகளையும் தூங்கியே கடந்துவிட்டான்.

ஆக, பிள்ளை வெளியே பார்க்க வேண்டும், அதுவும் முன்னால் பார்க்க வேண்டும். "வெளியே பாரு" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? அதற்குக் கொல்லிமலைப் பாதையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. அதை முதலில் கண்டுபிடித்துக் கத்துவதுதான் எங்கள் விளையாட்டு. அடுத்த பலகையைத் தேடித் தேடி அவள் கண் சாலையிலேயே இருந்தது. எண் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு "பலகை வந்துருச்சு" என்று கத்துவதே போதும்.

இந்த விளையாட்டுக்குப் பின்சீட்டின் நடுவிடம் நல்லது. அங்கிருந்து முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். குழந்தைக்கான இருக்கையை நடுவில் பொருத்தும் வசதி உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மடியில் வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டாம்.

பதினைந்து வளைவுக்கு ஒருமுறை, இடம் அகலமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். வளைவிலேயே நிறுத்தாதீர்கள், பேருந்து முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். இப்படி நின்று நின்று போனால் மேலே சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வண்டிக்குள் தொங்கும் வாசனைப் புட்டியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அந்த வாடையே பாதிக் குமட்டலைக் கொண்டுவருகிறது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் மகளுக்கு எலுமிச்சம்பழத்தைக் கீறி முகரக் கொடுத்தால் இதமாக இருக்கிறது.

பெரியவர்களின் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் எடையைச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. எந்த அருவி?

எல்லோரும் சொல்வது ஆகாய கங்கை. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது, பார்க்க வேண்டிய அழகுதான். ஆனால் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பல இடங்களில் படி செங்குத்து. இறங்கும்போது மகள் துள்ளிக்கொண்டுதான் வந்தாள். குளித்து முடித்ததும் தூங்கிவிட்டாள். ஈரத்துணியும் தூங்கும் பிள்ளையுமாக நான் மேலே ஏறிவந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. ஆறேழு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஆகாய கங்கையை விட்டுவிடுங்கள்.

மாசிலா அருவிக்கும் நம்ம அருவிக்கும் இவ்வளவு படி இல்லை. சின்னவர்கள் குளிக்க எங்களுக்குப் பிடித்தது மாசிலா. அதிலும் ஓரமாக, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு மட்டும். மழை பலமாக இருந்தால் எந்த அருவியும் வேண்டாம், வெள்ளம் திடீரென்று கூடும்.

ஆகாய கங்கைக்கு இறங்காவிட்டாலும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகலாம். பக்கத்து ஓடையில் மீன்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். பொரி போட்டுவிட்டு மகள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள். கோயில் பக்கம் குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். மிளகுக் காரம் தூக்கலாக இருக்கும், அது பெரியவர்களுக்கு.

4. கையில் என்ன?

ஸ்ட்ரோலர் வேண்டவே வேண்டாம், அந்த மண் தரையில் நாலடி உருளாது. அதற்குப் பதில் பழைய பருத்திச் சேலை ஒன்று. தங்கும் அறையில் தூளி கட்டலாம், தரையில் விரிக்கலாம், குளித்துவிட்டு வந்த பிள்ளையைச் சுற்றிக்கொள்ளலாம். மூடிபோட்ட சின்ன வாளி ஒன்றைப் பிள்ளையின் காலடியில் வையுங்கள். வாந்திக்குப் பிளாஸ்டிக் கவரைவிட அதுதான் வசதி, சிந்தாது. மாற்றுடுப்பு டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரியில் போனால் குல்லாவும் ஸ்வெட்டரும் கட்டாயம்.

கடை, பேருந்து நிலையம், மருத்துவமனை எல்லாம் மலைமேல் உள்ள செம்மேட்டில் இருக்கின்றன, அதனால் அறையை அந்தப் பக்கமே எடுங்கள். சோளக்காடு என்ற ஊரின் சந்தையில் பலாவும் அன்னாசியும் வாங்கலாம், ஆனால் திரும்பும் நாளில் வாங்குங்கள். பழுத்த பலா வாடையோடு 70 வளைவு இறங்குவது பிள்ளைகளுக்கு ஆகாது.

5. இறக்கம்

இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி வாடை அடிக்கும். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது பலகை எண்ணைப் பின்னாலிருந்து எண்ணச் சொன்னோம். மகளுக்கு அது இன்னும் பிடித்துப்போனது.

பின்சேர்க்கை

ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு பாதை உண்டு, அதில் வளைவுகள் குறைவு என்று வாசகர் ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான். வாந்தி அதிகமுள்ள பிள்ளை என்றால் அதையும் யோசியுங்கள். எனக்குக் காரவள்ளிப் பாதையே பிடிக்கிறது, பலகைகளுக்காக.

கைக்குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, என்ன செய்வது என்று இரண்டு தாய்மார்கள் கேட்டிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1000 மீட்டர் ஏறுகிறோம், காது அடைக்கத்தான் செய்யும். விழுங்கினால் திறந்துகொள்ளும். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பால் கொடுங்கள். இறங்கும்போதுதான் அடைப்பு அதிகம் வலிக்கும், அதனால் அப்போதும் இரண்டு மூன்று இடத்தில் நின்று கொடுங்கள். சளி பிடித்திருக்கும் குழந்தையை அந்த வாரம் கூட்டிப்போக வேண்டாம், மலை அங்கேயேதான் இருக்கும்.