பனங்காட்டை மரக்கட்டையில் வெட்டுவது எப்படி?

கசாப்புக் கடைப் புளியங்கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகம் மேலே வரும்படி போட்டிருப்பார்கள். எத்தனை வெட்டு விழுந்தாலும் சிலாம்பு கிளம்பாது. மரக்கட்டையில் நுணுக்கமாகப் படம் வெட்டி, மை ஏற்றித் தாளில் அச்செடுக்கிறவனுக்கும் அந்தக் குறுக்கு முகம்தான் வேண்டும். நெடுக்கே அறுத்த பலகையில் மயிரிழைக் கோடு நிற்காது, பிய்ந்துவிடும்.

புளி இந்த வேலைக்குச் சொரசொரப்பு. வெட்பாலை நல்லது, வெளிர்நிறம், நெருக்கமான இழை. சன்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடைவதும் அதைத்தான். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் பட்டறைகளில் கழிவுத் துண்டு கேட்டுப் பாருங்கள். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை வட்டு நடுவிலிருந்து வெடிக்கும். முகத்தை உப்புத்தாளால், நகம் வழுக்கும்வரை தேயுங்கள். பிறகு கறுப்பு மையை நீர்க்கப் பூசுங்கள். வெட்டியது வெட்டியபடி வெளுப்பாகத் தெரியும்.

உளிக்கு எங்கும் அலைய வேண்டாம். நகை ஆசாரிகள் பூ வெட்டும் உளியே போதும். மரக்கட்டையில் படம் வெட்டிப் பேர்பெற்ற இங்கிலாந்தின் தாமஸ் பெவிக் 1767இல் தொழில் பழகப் போனதும் உலோகத்தில் செதுக்குபவரிடம்தான். அந்த உளியை மரத்துக்குக் கொண்டுவந்துதான் 1797இல் தன் பறவை நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார்.

குமிழ்ப்பிடி உள்ளங்கையில் அடங்கட்டும். உளியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். தூக்கினால் குத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் மரத்தில் ஊன்றி, உளி ஓடிவிடாமல் பிடிக்க வேண்டும். வளைவு வந்தால் திருப்ப வேண்டியது கட்டையை, கையை அல்ல. அதற்காகத்தான் அடியில் மணல்பை. சலித்த தேரிச் செம்மணல் அருமையாக அமையும். துணி மட்டும் அழுத்தமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேஜையெல்லாம் செம்மண்.

எதை வெட்டுவது? எல்லோரும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து நாரையைத்தான் கேட்கிறார்கள். வெள்ளைப் பறவையை வெள்ளை வானத்தில் வைத்தால் மிஞ்சுவது வெறுங்குழி. பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டில் தொடங்குங்கள். கூட்டின் விளிம்பை வரையாதீர்கள். பென்சில் பழகியவர்களுக்கு இதுதான் பிடிபடாது. கட்டை முழுவதும் இருட்டு, நீங்கள் வெட்டுவது வெளிச்சம். வெயில் படும் பக்கம் நார்களை நெருக்கமாக வெட்டி, நிழல் பக்கம் போகப்போக இடைவெளி விடுங்கள். நார்கள் முடியும் இடத்தில் விளிம்பு தானே வந்துவிடும். ஓலைக்கு வேறு கைப்பழக்கம்: நுனியில் மெல்லத் தொட்டு, நடுவில் அழுத்தி, காம்பருகே மறுபடி தளர்த்தினால் ஒரே தள்ளலில் ஒரு ஓலைக்கீற்று.

அச்சில் எல்லாம் இடவலம் மாறும். பொதிகை மலையை வரைகிறவர்கள் படத்தைப் புரட்டிப் போட்டுக் கட்டையில் படியெடுக்காவிட்டால், ஊர்க்காரர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

அச்சுக்கு எண்ணெய் மை. உருளையில் மெல்லிசாகப் பரப்பி ஏற்றுங்கள். அதிகமானால் நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். மெல்லிய தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும், இயந்திரம் தேவையில்லை. பாதி வெட்டியதுமே ஒரு படி எடுத்துப் பார்த்துவிடுங்கள். இன்னும் வெட்டலாம், வெட்டிய கறுப்பை ஒட்ட முடியாது. முடிந்ததும் மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். தண்ணீர் ஆகாது, குறுக்கு முகம் உறிஞ்சி உப்பிவிடும்.