கரடிக் காட்டுக்கான கைத்துப்பாக்கி: சைட் தேர்ந்தெடுப்பது எப்படி?

அலாஸ்காவில் சால்மன் பிடிக்கவும் மலையேறவும் போகிறவர்கள் பழுப்புக் கரடியை நினைத்துக் கைத்துப்பாக்கி எடுத்துப் போவது சகஜம். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தியிருக்கும் சைட்டை மட்டும் கடையில் வந்தபடியே விட்டுவிடுவார்கள். ஆபத்து நேரத்தில் கண் தேடுவது அதைத்தான்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் தொட வேண்டாம். கரடி ஸ்ப்ரே (மிளகாய்க் காரம் பீய்ச்சும் குப்பி) எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி உள்ளவரும் அதைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

படி 1: தூரத்தை முடிவு செய்யுங்கள்

பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதாவது நொடிக்கு 14 மீட்டர். புதருக்குள்ளிருந்து 30 மீட்டரில் கிளம்பினால் உங்களுக்கு இரண்டு நொடிதான். ஆகவே 15 மீட்டருக்குள், மங்கலான வெளிச்சத்தில், சட்டென்று கண்ணில் படுகிற சைட் வேண்டும். பந்தயத் துப்பாக்கியின் மெல்லிய முன் சைட்டும் (குழல் நுனியில் நிற்பது) பின் சைட்டின் (நம் பக்கம் இருப்பது) குறுகிய பள்ளமும் இங்கே உதவாது.

படி 2: உங்கள் கண்ணைச் சோதியுங்கள்

தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டுங்கள். முன் சைட்டின் விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதா? நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அது பஞ்சு போலத் தெரியும். சாதாரண சைட்டில் பின் பள்ளம், முன் சைட், இலக்கு மூன்றையும் கண் ஒன்று சேர்க்க வேண்டும். ரெட் டாட்டில் (சிறு கண்ணாடியில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் சைட்) இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன்மேல் வந்து நிற்கும்.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஃபைபர் ஆப்டிக் (ஒளியைக் கடத்தும் நிற இழை) வைத்த சைட் பகலில் பிரமாதமாக ஒளிரும். ஆனால் வெளிச்சத்தை வாங்கித்தான் ஒளிரும், இருட்டினால் அணைந்துவிடும். டிரிடியம் (கதிரியக்க வாயு) அடைத்த சைட் இருட்டிலும் தானே மினுங்கும். டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டு என்பதால், பழையதை வாங்கும்போது தயாரித்த ஆண்டைப் பாருங்கள். டிரிடியத்தைச் சுற்றி பளிச்சென்ற ஆரஞ்சு வளையம் உள்ள முன் சைட்டும், ஒளிராத கறுப்புப் பின் சைட்டும் சேர்ந்ததைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். கண்ணுக்குப் பிடிக்க ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும்.

ரெட் டாட் என்றால் 6 எம்ஓஏ (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) அளவுப் புள்ளியை எடுங்கள். 15 மீட்டரில் அது இரண்டரை சென்டிமீட்டர்தான் மறைக்கும். மழைக் காட்டுக்கு மூடிய வகை மட்டுமே. திறந்த வகையில் உள்ளே ஒளி உமிழும் இடத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலே புள்ளி சிதறி, கண்ணாடி முழுக்கச் சிவப்புப் புகையாகிவிடும். கண்ணாடி வழியே தெரியும் உயரத்தில் சாதாரண சைட்டும் இருக்கட்டும்.

காசு செலவழிக்க மனமில்லையா? முன் சைட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு ஆரஞ்சு இரண்டு பூச்சு. வெள்ளை அடியில் இல்லாவிட்டால் ஆரஞ்சு மங்கிப்போகும்.

படி 4: குறி சரிபாருங்கள்

காட்டுக்கு எடுத்துப் போகும் அதே தோட்டாவால்தான் சுட்டுப் பார்க்க வேண்டும். ரிவால்வரில் கனமான குண்டு பெரும்பாலும் மேலே படும். மேலே பட்டால் முன் சைட் உயர வேண்டும், கீழே பட்டால் குறைய வேண்டும். இரு சைட்டுக்கும் இடைவெளி 16.5 சென்டிமீட்டர், 15 மீட்டரில் 10 சென்டிமீட்டர் மேலே படுகிறது என்றால், 1.1 மில்லிமீட்டர் உயரமான முன் சைட் வேண்டும். பக்கவாட்டுக்கு, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள்.

.44 மேக்னம் போன்ற பலமான தோட்டா உதைக்கும் உதையில் சைட்டின் திருகுகள் தளரும். திருகுப் பசை போட்டு இறுக்கி, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்டில் ஒரு கோடு இழுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மார்பு உறையிலிருந்து உருவும்போது புதிய சைட் சிக்குகிறதா என்று, கனத்த மழைக்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டே, காலித் துப்பாக்கியால் பழகுங்கள். சிக்கினால் உறையை மாற்றுங்கள்.