வளைகுடாவில் இருப்பவருக்கு வீட்டிலிருந்தே ஆங்கிலம் கற்பிப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, இரவில் இணையவழியாகப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோர், பாடத்தைத் தீர்மானிப்பதற்கு முன்பு படிக்க வருபவரின் ஓய்வு நேரத்தைக் கேட்டறிய வேண்டும். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பகுதிகளில் உறவினர் சொல்லி நம்மிடம் வருபவர் வளைகுடாவில் வேலை செய்பவராகவோ, வெளிநாடு செல்லக் காத்திருக்கும் செவிலியராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சவூதி, குவைத், கத்தார் நேரம் நம் நேரத்துக்கு 2.30 மணியும், அமீரகம், ஓமன் நேரம் 1.30 மணியும் பின்னால் இருப்பதால், ரியாத்தில் இரவு 8 மணிக்கு அறைக்குத் திரும்பி அமர்பவருக்குப் பாடம் நடத்த நாம் 10.30 மணிக்கு மேலும் விழித்திருக்க வேண்டும். எனவே ஓர் இரவுக்கு இரண்டு வகுப்புகளுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாதிருப்பதே நல்லது. செவிலியரிடம் அந்தந்த வாரத்தின் டியூட்டி நேரத்தை முன்கூட்டியே வாங்கி, அதற்கேற்ப வகுப்பை அமைக்க வேண்டும்.

தேர்வுக்காகப் படிப்பவர் எனில், எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண் என்பதை முதல் நாளே கேளுங்கள். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வின் அகாடமிக் பிரிவில் பொதுவாக எழுத்துக்கு 6.5, மற்ற மூன்று பகுதிகளுக்கும் 7 தேவை; இது தெரியாமல் வேறு பிரிவுக்குப் பணம் கட்டிவிட்டால் இழப்பு அவருக்குத்தான்.

முதல் வகுப்பில் இலக்கணச் சோதனை வைக்க வேண்டாம். அன்றைய வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லி, குறுக்கிடாமல் தவறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரை வேலை வாங்கும் மேஸ்திரியைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தினால், மறுவாரம் அவர் வரமாட்டார். குறித்தவற்றில் மூன்றை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு, அதே வாக்கியங்களை அவர் வாயாலேயே சரியாகச் சொல்ல வையுங்கள். விளக்கத்தைத் தமிழில் தருவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ள விடாதீர்கள். ‘பேக்’ என்று எழுதினால் அது பையா, முதுகா, பொட்டலம் கட்டுவதா என்பது எழுதியவருக்கே மறுநாள் தெரியாது. ப, க என்னும் எழுத்துகள் இரண்டிரண்டு ஒலிகளைச் சுமப்பதால் வரும் இந்தக் குழப்பத்தை, ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் இணைச் சொற்களை மாறி மாறிச் சொல்லிக் காதால் பிரித்தறியும் பயிற்சியால்தான் தீர்க்க முடியும். ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

ஜூமின் இலவசக் கணக்கில் வகுப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை முடிந்து களைத்து வந்தவருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வாட்ஸ்அப் அழைப்பை நம்பி அமீரகத்தில் இருப்பவருக்கு வகுப்பு வைக்காதீர்கள். அங்கே அது வழக்கமாகக் கிடைப்பதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைப்பதோடு வேறொரு நிறுவனத்தின் சிம்மில் டேட்டாவும் வைத்திருங்கள்.

கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள மனைவியோ அண்ணனோ யுபிஐ மூலம் அனுப்புவது இரு தரப்புக்கும் எளிது. டியூட்டி மாறினால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அந்த வகுப்பு கணக்கில் சேருமா என்பதையும் அப்போதே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.