இடம்சார் வலையமைப்பு: வரையறுக்கும்போதே நுழையும் தவறுகள்

வரைபடத்தில் சில புள்ளிகளை வைத்துக் கோடு இழுத்தாலே இடம்சார் வலையமைப்பு வந்துவிடாது. கணுக்களுக்கு, அதாவது இணைக்கப்படும் புள்ளிகளுக்கு, இடம் இருக்க வேண்டும். தூரம் கூடக் கூட இணைப்புக்கு ஆகும் செலவும் கூட வேண்டும். கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து வர முடியுமா என்று 1736-இல் ஆராய்ந்த கணிதவியலர் ஆய்லருக்குப் பாலத்தின் நீளம் தேவைப்படவில்லை. கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் பாம்பன் ரயில் பாலத்தில் அந்த நீளம்தான் முதல் கேள்வி.

தூரம் என்றதும் நேர்கோட்டை அளப்பது அடுத்த தவறு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1964 புயல் வரை ரயிலில் வந்து கப்பல் ஏறி அக்கரை போனார்கள். பிற்பாடு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் நின்றது. இன்று தலைமன்னார் போகச் சுற்றித்தான் போக வேண்டும்: எடுத்துக்காட்டாக, மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, மறுபடி வடக்கே வரலாம். கடல் அகலவில்லை, பாதைதான் நீண்டுவிட்டது.

என்னைக் கேட்டால், அதிகம் கெடுதல் செய்வது மூன்றாவது தவறு: நிறைய இணைப்புள்ள கணுவே முக்கியமானது என்ற எண்ணம். விமானப் போக்குவரத்தில் இது பெரும்பாலும் பொருந்தும், ஒரே நிலையத்திலிருந்து நூறு ஊருக்குப் பறக்கலாம். தரையில் அப்படி முடியாது. ஒரு சந்திப்பில் நாலைந்து சாலைக்கு மேல் சேர இடமேது? ஆகவே எத்தனை பயணங்கள் அதன் வழியாகப் போயே தீர வேண்டும் என்று பாருங்கள். பாம்பன் பாலத்துக்கு மண்டபம் பக்கம் ஒன்று, தீவுப் பக்கம் ஒன்று என இரண்டே இணைப்பு. ஆனாலும் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றதும், 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுக்கு ரயிலே இல்லை.

சரி, அப்படியானால் தீவு துண்டிக்கப்பட்டதா? ரயிலை மட்டும் வரைந்தால் ஆமாம் என்றுதான் விடை வரும். ஆனால் 1988-இல் திறந்த சாலைப் பாலம் இருந்ததால் பேருந்துகள் ஓடின. 1964-இல் அந்த இரண்டாவது அடுக்கு கிடையாது; ரயில் பாலம் உடைந்ததும் தீவுக்குத் தரைவழியே அற்றுப்போனது. ஒரே சேதம், இரு வேறு விளைவு. போக்குவரத்து அடுக்குகளைச் சேர்த்து வரையாவிட்டால் இது தெரியாது.

எல்லையையும் நிர்வாகக் கோட்டில் வெட்டிவிடாதீர்கள். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் உபரி நீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். அந்த இணைப்புக்குத் திசை உண்டு, திரும்பி ஏறாது. வைகையின் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேருகிறது. அதில் ஒரு பங்கு, 1895 முதல் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீர். மாவட்ட எல்லையோடு நிறுத்தினால் நீரின் பிறப்பிடமே கணக்கில் வராது.

நரம்பியலிலும் நரம்பிழையின் நீளத்துக்குச் செலவு உண்டு. ஆனால் மூளை முப்பரிமாணம், சாலைக்குப் போடும் இருபரிமாணத் தளக் கணக்கை அங்கே அப்படியே போடக் கூடாது.

காலத்தை மறப்பது கடைசித் தவறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. பவளக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்துதான் பாறை விட்டுப் பாறை சேரும். பருவக்காற்று மாறும்போது நீரோட்டத்தின் திசையும் மாறுகிறது. ஆண்டு சராசரியாக ஓர் அம்புக்குறி போட்டால் எந்தப் பருவத்துக்கும் பொருந்தாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களுக்கு ஒன்று, வாடை மாதங்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வரையுங்கள்.