‘நிலம்’ என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்: புரோக்கர் இல்லாமல் முதல் வீடு வாங்குவோர் செய்யும் தவறுகள்

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 9 சென்ட் இடத்தில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்பது எனக்கு டீக்கடையில்தான் தெரியவந்தது. நடுவில் ஆள் கிடையாது. வீட்டுக்காரரும் தமிழர், என் பெரியப்பாவுக்குப் பழக்கம். விலை 35 லட்சம். புரோக்கர் இருந்திருந்தால் 2 சதவீதம் கேட்டிருப்பார். அந்த 70,000 ரூபாய் மிச்சம். கேரளத்தில் பதிவுக் கட்டணமும் 2 சதவீதம் என்பதால், அந்தச் செலவு கழிந்துவிட்டது என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டேன். முத்திரைத்தாள் 8 சதவீதம் என்பது தனி. அதாவது இன்னும் 2 லட்சத்து 80 ஆயிரம். அதை ரொம்ப நாள் கழித்துத்தான் கூட்டிப் பார்த்தேன்.

அந்த வீட்டை நான் வாங்கவில்லை. கொடுத்த முன்பணம் ஒரு லட்சம் திரும்பிவர ஐந்து மாதம் ஆயிற்று.

தவறு முழுக்க என்னுடையது. முதல் தவறு கூச்சம். புரோக்கர் இருந்தால் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் அவர் வாயால் கேட்க வைக்கலாம். இல்லாதபோது நாமே கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஒருமுறை மூலப் பத்திரத்தைப் பார்க்கலாமா என்று இழுத்தேன். “என்னங்க தம்பி, நம்மகிட்டயே காயிதம் பாக்கறீங்களா?” என்று சிரித்தார் அவர். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரம்தான், வெள்ளைத்தாளில்கூட ஒரு வரி எழுதிக்கொள்ளாமல் அந்த ஒரு லட்சத்தைக் கொடுத்தேன்.

இரண்டாவது தவறு, எல்லையோரத் தமிழர்களுக்கே உரியது. பாலக்காட்டுப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் யாராவது வாசித்தால் பாதி புரிகிறது. அதுதான் ஆபத்து. தெரிந்த சொல் மாதிரியே காதில் விழும், பொருள் வேறாக இருக்கும்.

‘ஆதாரம்’ என்றால் அங்கே கிரயப் பத்திரம். அதைக் கொண்டுவரச் சொன்னதற்கு ஆதார் அட்டையோடு போய் நின்ற ஆளை எனக்குத் தெரியும். ‘பட்டா’ என்று தமிழ்நாட்டில் நாம் சொல்வது வருவாய்த் துறைப் பதிவு. கேரளத்தில் ‘பட்டயம்’ என்பது வேறு. அரசு நிலத்தை ஒதுக்கிக் கொடுத்த உத்தரவுக்கும் அந்தப் பெயர்தான், 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தபின் குடியானவர்களுக்கு நிலத் தீர்ப்பாயம் கொடுத்த சான்றுக்கும் அந்தப் பெயர்தான். அரசு ஒதுக்கிக் கொடுத்த இடமென்றால் விற்பதிலும் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதிலும் நிபந்தனை இருக்கலாம். ஆகவே “பட்டயம் இருக்குங்க” என்றதும் தலையாட்டாதீர்கள். எந்தப் பட்டயம் என்று கேளுங்கள்.

என்னைக் கவிழ்த்த சொல் இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது: நிலம். கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதில் அந்த இடத்தின் வகையாக ‘நிலம்’ என்று இருந்தது. நமக்கு நிலம் என்றால் பூமி, அவ்வளவுதான். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டும் மேட்டு இடத்துக்குப் ‘புரயிடம்’ என்று பெயர். ரசீதை நான் மூன்று தடவை கையில் எடுத்துப் பார்த்தேன். வங்கியின் வக்கீல் ஒரே தடவையில் விரலை வைத்துவிட்டார்.

கண்ணுக்கு அது வயலே அல்ல. சுற்றிலும் தென்னை, நடுவில் வீடு, பஞ்சாயத்து கொடுத்த வீட்டு எண்கூட இருந்தது. ஆனால் 2008-இல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பார்ப்பது மண்ணை அல்ல, பதிவேட்டை. இடம் ‘டேட்டா பேங்க்’ எனும் நெல்வயல் பட்டியலில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. பஞ்சாயத்திலோ கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகத்திலோ இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இருந்தால், அதிலிருந்து நீக்கக் கோரி 5-ஆம் படிவம் போட வேண்டும். பட்டியலில் இல்லாமல் கிராமக் கணக்கில் மட்டும் நிலம் என்று இருந்தால், வகை மாற்ற 6-ஆம் படிவம். இரண்டும் உடனே நடக்கிற வேலை அல்ல. அதுவரை பழைய வீட்டை இடித்துக் கட்டுவதும் வங்கிக் கடனும் இழுபறிதான். வகை மாற்றும் வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும், பிறகு வாங்கலாம் என்பது என் கட்சி. விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து அந்தத் தலைவலியை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

வில்லங்கம் பார்த்துவிட்டேன், சுத்தமாக இருக்கிறது என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். அங்கே அதற்குக் குடிக்கடச் சான்று என்று பெயர். பதிவான விஷயங்கள்தான் அதில் வரும். பதியாத உயில் வராது. கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கியிருந்தால் ‘கஹான்’ என்று ஒரு வரி இருக்கும். தமிழ்நாட்டில் பத்திரம் பார்த்துப் பழகியவர்கள் அது ஏதோ ஆபீஸ் சொல் என்று தாண்டிவிடுவார்கள். அது அடமானம். கடனைக் கட்டிவிட்டோம் என்று சொன்னால் போதாது, கஹான் நீங்கிய பதிவைப் பார்க்க வேண்டும். அசல் பத்திரம் கைக்கு வராமல் நகலையே காட்டிக்கொண்டிருந்தால் அசல் எங்கேயோ ஈடாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மூலப் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும், கர ரசீதில் ரீசர்வே எண்ணும் இருப்பது சகஜம். இரண்டும் ஒரே இடம்தானா என்பதை வில்லேஜ் ஆபீஸில் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதிலும் எல்லை குறுக்கே வருகிறது. “அப்பா சொத்து, மூத்தவன் நான் போட்டா போதும்” என்பார்கள். கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையே 1976 டிசம்பர் 1 முதல் சட்டப்படி இல்லை. ஒவ்வொரு வாரிசுக்கும் தனித்தனிப் பங்கு. பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை முறையாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பங்குதாரர்களில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதி தேவைப்படலாம், அங்கே வக்கீலைக் கேட்காமல் நகராதீர்கள். வெறும் பவர் பத்திரத்தை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வீடு நம்முடையது என்று இருக்கக் கூடாது. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

பணத்தில் ஒன்றுதான். பாதிப் பணம் கையில் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்து எழுதிக்கொள்வோம், உங்களுக்கும் முத்திரைத்தாள் மிச்சம் என்பார்கள். வீடு, நிலம் விற்கிற வகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மாட்டினால் ரொக்கத்தை வாங்கிய வீட்டுக்காரருக்கு அதே தொகை அபராதம். உங்களுக்கோ, வங்கி கடன் கொடுப்பது பத்திரத்தில் உள்ள விலையைப் பார்த்து. நாளைக்கு ஏதாவது தகராறு வந்தால் கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சியும் கிடையாது.

இடத்தை நேரில் பார்க்கும்போது நாம் வீட்டைப் பார்க்கிறோம், வழியைப் பார்ப்பதில்லை. கார் போகிறது என்பதால் அது வண்டி வழி ஆகிவிடாது. பத்திரத்தில் ‘நடைவழி’ என்று மட்டும் இருந்து, பக்கத்துத் தோட்டக்காரர் தயவில் கார் போய்க்கொண்டிருக்கலாம். தயவு விலைக்கு வராது. அளவு பத்திரத்தில் ஆர் (100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். 9 சென்ட் என்றால் சுமார் 3.64 ஆர். சங்கிலி பிடித்து அளந்த பிறகு மீதிப் பேச்சு. அப்புறம் தண்ணீர். சித்தூர் வட்டாரம் மழைமறைவுப் பகுதி. ஐப்பசியில் கிணற்றை எட்டிப் பார்த்து மகிழ்ந்து முன்பணம் கொடுப்பவர்கள் சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள். முடிந்தால் கோடையில் போய்ப் பாருங்கள். விற்பவரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்த வீட்டை வாங்கிவிட்டேன். வடகரப்பதிப் பக்கம், 6 சென்ட், புரயிடம். இதிலும் புரோக்கர் இல்லை. கமிஷனில் மிச்சமானதில் ஒரு பங்கை மலையாளம் நன்றாகத் தெரிந்த வக்கீலுக்குக் கொடுத்தேன். பதிவு முடிந்த கையோடு போக்குவரவு, அதாவது வருவாய்க் கணக்கில் பெயர் மாற்றம், செய்து, என் பெயரில் தண்டப்பேர் எனும் கரக் கணக்கு எண் விழுந்து, கரத்தையும் கட்டியாயிற்று. கரண்ட் பில்லில் மட்டும் பழைய வீட்டுக்காரர் பெயரே இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதற்கான விண்ணப்பம் மேஜை மேல் கிடக்கிறது, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.