ஜப்பானில் பூவும் பால்கனியும்: தெரியாமல் செய்யும் தவறுகள்

தோக்கியோவில் நிஷிகசாய்க்குக் குடிவந்த முதல் மே மாதம், பால்கனியின் இரண்டு ஓரத்திலும் தொட்டிகளை அடுக்கிவிட்டேன். ஒரு பக்கம் வெண்டை, இன்னொரு பக்கம் பாகல். பாகற்காய்க்கு இங்கே 'கோயா' என்று பெயர். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கட்டட மேலாளர் வந்து நின்றார். நாலு முறை தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாகல் தொட்டியைக் கைகாட்டினார். அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டுப் பால்கனியைப் பிரிக்கும் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்ததை அன்றுதான் படித்தேன்: 'அவசர நேரத்தில் இதை உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தப்பிச் செல்லலாம்.'

இங்கே வாழ வரும் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பால்கனி நம் வீட்டின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம். அடுக்குமாடிகளில் அது பொது இடம். புழங்கும் உரிமை மட்டும் நமக்கு. தீப்பிடித்தால் அதுவே தப்பும் வழி. அதனால் அந்தப் பலகையை ஒட்டி எதையும் வைக்கக் கூடாது. சில வீடுகளில் தரையில் சதுரமான உலோக மூடி இருக்கும். அதற்குள் கீழ்மாடிக்கு இறங்கும் ஏணி மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் தொட்டி வைத்தால், நமக்கு மட்டுமல்ல, மேல்மாடியிலிருந்து இறங்கி வருபவர்களுக்கும் வழி அடைபடும்.

கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் தொட்டி தொங்கவிடுவதும் கூடாது. விழுந்தால் யார் தலையில் என்று சொல்ல முடியாது. புயல் வருகிறது என்று செய்தி வந்ததும், சின்னத் தொட்டிகளை உள்ளே எடுத்து, தூக்க முடியாத பெரியவற்றைச் சுவரோரம் சாய்த்துப் படுக்க வைத்துவிடுங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் இந்த வேலை இருக்கும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் நம் ஊர்ப் பழக்கம் உதவாது. மொட்டைமாடியில் குழாயைப் பிடித்து நனைக்கிற மாதிரி இங்கே செய்தால், வெயில் அடிக்கும் காலையில் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருக்கும் மெத்தை நனையும். வடிகால் பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகளுக்கும் ஒன்றே. என் தொட்டி மண் கரைந்து பக்கத்து வீட்டுப் பால்கனியில் சேறாக நின்றதைப் பார்த்த பிறகு, தொட்டிக்கு அடித்தட்டும் வடிகாலுக்கு வலையும் வாங்கினேன். ஏசியின் வெளிக்கருவி ஊதும் சூட்டுக்காற்றுக்கு நேரே செடி வைக்காதீர்கள்; இரண்டே நாளில் இலை கருகிவிடும். கோடையில் சிமெண்டுத் தரையே அடுப்பு மாதிரி கொதிக்கும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல்லோ மரச்சட்டமோ கொடுத்தால் வேர் பிழைக்கும்.

மண் வாங்கும்போது அதை எங்கே போடுவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இது விளையாட்டுப் பேச்சில்லை. ஜப்பானில் பல நகராட்சிகள் மண்ணைக் குப்பையாக எடுப்பதில்லை. வீடு மாற்றுகிற நாளில் நாலு பை மண்ணோடு திண்டாடியவர்கள் எங்கள் கட்டடத்திலேயே உண்டு. இரவோடு இரவாகப் பூங்காவில் கொட்டுவது குற்றம். தேங்காய் நாரால் செய்த 'மண்' கடைகளில் கிடைக்கிறது. பல ஊர்களில் அதை எரியும் குப்பையோடு போட்டுவிடலாம். உங்கள் ஊரின் குப்பைக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து வரும் அம்மா ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கும் கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபர் 1 முதல், பயணிகள் கையில் கொண்டுவரும் செடி, விதைகளுக்கும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். மண்ணுக்கு அனுமதியே இல்லை. "ஒரு கொத்துதானே" என்ற பேச்சு விமான நிலையத்தில் எடுபடாது. இங்கே வளர்ப்பவர்களிடம் கன்று கேட்டு வாங்குங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்து, தண்ணீரைக் குறையுங்கள். கறிவேப்பிலை இலை உதிர்த்து நிற்கும்போது பதறிப்போய் ஊற்றித்தான் பலர் வேரை அழுகவிடுகிறார்கள்.

அன்னையர் தினத்தை ஒட்டிக் கடைகளில் குவியும் ஹைட்ரேஞ்சா, இங்கே 'அஜிசாய்', வேறு கதை. பூ முடிந்ததும் ஜூலைக்குள் வெட்ட வேண்டும். நான் நவம்பரில் அழகாகக் கத்தரித்துவிட்டேன். அடுத்த வருடம் இலை மட்டும்தான். பழைய ரகங்களில் மறுவருட மொட்டு இலையுதிர் காலத்திலேயே உருவாகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 6 முதல் 8 வரை தோக்கியோவின் இரியாவில் நடக்கும் 'அசகாவோ' (காலையில் மலரும் 'மார்னிங் குளோரி' கொடி) சந்தைக்குப் போனால், வளையக் கம்புகளில் கொடி சுற்றிய தொட்டி ஒன்றை வாங்காமல் வர மாட்டீர்கள். அதை இரவு முழுக்க விளக்கெரியும் நடைவழிப் பக்கம் வைக்காதீர்கள். இருட்டு நீளமாக இருந்தால்தான் அது மொட்டு வைக்கும்.

பூப்பறிப்பு நமக்கு ரத்தத்தில் ஊறியது. விடியற்காலையில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் செம்பருத்தி பறித்தவர்கள்தானே நாம். இங்கே வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தொடாதீர்கள். செர்ரிக் கிளையை வளைத்துப் படமெடுப்பதும் வேண்டாம். 'செர்ரியை வெட்டுபவனும் முட்டாள், உமேயை வெட்டாதவனும் முட்டாள்' என்று பழமொழியே இருக்கிறது; உமே என்பது ஜப்பானியப் பிளம் மரம். செர்ரியில் வெட்டுப்பட்ட இடம் சீக்கிரம் அழுகிவிடும். மரத்தடியில் பாய் விரித்து உட்காரும் முன் அந்த இடத்தின் விதியைப் பாருங்கள். ஷின்ஜுகு கியோஎன் பூங்காவுக்குள் மதுவுக்குத் தடை.

சூப்பர் மார்க்கெட் வாசலில் மலிவாக, நடுவில் உயரமாக, சாமந்தி நிறைந்து ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்திருக்கும் பூக்கள் இறந்தவர்களுக்குப் படைப்பவை. வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு நான் தாராளமாக வாங்குகிறேன். பிறந்தநாளுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது தொட்டிச்செடி கூடாது. வேர்விடுவதற்கும் படுத்த படுக்கையாவதற்கும் ஜப்பானிய மொழியில் ஒரே உச்சரிப்பு. பல மருத்துவமனைகள் பூவையே உள்ளே விடுவதில்லை என்பதால் பழமோ பிஸ்கட்டோ போதும்.

கோடைத் திருவிழாவுக்கு யுகாத்தா எனும் மெல்லிய பருத்திக் கிமோனோ கட்டுபவர்களுக்கு ஒன்று. உங்கள் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. கண்ணாடியைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வலது கை மார்பு மடிப்புக்குள் சுலபமாக நுழைகிறதா என்று பாருங்கள், நுழைந்தால் கிளம்பலாம்.